காடு என்னும் சொல்லும் காட்டில் குடியேறியோரும்



கோத்தா திங்கியில் நின்று பேசுகிறவன் இந்த ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவது முறையாகும். ‘கோத்தா’ என்னும் மலாய்ச் சொல் நம் ‘கோட்டை’யின் உறவினம். வடமொழி வழியாகத் தென்கிழக்காசியா முழுவதும் பரவிய இச்சொல்லின் வேர் திராவிடமே என்பதை மொழியியலார் பலர் ஏற்றுள்ளனர். ‘திங்கி’ என்றால் உயர்ந்த. ஆகவே இவ்வூர் ‘உயர்ந்த கோட்டை’. பழைய ஜொகூர் அரசின் தலைநகரங்கள் இந்த ஆற்றங்கரையில்தான் இருந்தன. 1699இல் சுல்தான் மாமூட் பல்லக்கிலேயே கொல்லப்பட்டதும் இங்கேதான். அரசு இடம் மாறிய பின்னர் கோட்டை போயிற்று; காடு மீண்டது. அந்தக் காட்டுக்குள் கத்தியும் மண்வெட்டியுமாக நுழைந்த எளிய குடும்பங்களைப் பற்றியும், அவர்கள் வழங்கிய சொற்களைப் பற்றியும் பேசவே இன்று வந்திருக்கிறேன்.

முதலில் ‘காடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பள்ளியில் முல்லைத் திணையைக் கற்பிக்கும்போது, காடும் காட்டைச் சார்ந்த இடமும் முல்லை என்று சொல்லிக்கொடுக்கிறோம். மாணவர்கள் உடனே மரம் அடர்ந்த வனத்தை மனத்தில் வரைந்துகொள்கிறார்கள். ஆனால் கோயம்புத்தூர், ஈரோடு வட்டாரத்து உழவர் ஒருவர் ‘காட்டுக்குப் போயிட்டு வர்றேன்’ என்றால் அவர் வனத்துக்குப் போகவில்லை. தம் புன்செய் நிலத்துக்குப் போகிறார். சோளமும் நிலக்கடலையும் விளையும் நிலமும் அங்கே காடுதான். தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாட்டுப் பக்கம் பொய்யுண்டார்குடிகாடு என்றோர் ஊர் உண்டு. குடியும் காடும் ஒரே பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காடாக இருந்து குடியிருப்பான இடம் என்று அந்தப் பெயர் தன் வரலாற்றைத் தானே சொல்லிவிடுகிறது.

இதே சொல் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தது. இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டாமல், களை எடுப்பது, மருந்து தெளிப்பது, உரம் போடுவது போன்ற வேலைகளைச் செய்வதற்கு ‘வெளிக்காட்டு வேலை’ என்று பெயர். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நட்டு வளர்க்கப்பட்டவை. அங்கே இயற்கைக் காடு ஒன்றும் இல்லை. ஆனாலும் நம்மவர்கள் அதைக் காடு என்றார்கள். அகிலன் மலேசியத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் களமாகக் கொண்டு எழுதிய புதினத்துக்குப் ‘பால்மரக் காட்டினிலே’ என்று பெயரிட்டபோது, தோட்டத்து மக்களின் இந்த வழக்கே அவருக்குத் தலைப்பாக அமைந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆற்றோரக் காடுகளை முதலில் திறந்தவர்கள் சீனர்கள். மிளகும் கம்பீரும் பயிரிட்ட அவர்களுடைய கங்ச்சு முறையைப் பற்றி வரலாற்று நூல்களில் விரிவாகக் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. ஆங்கிலேய நிறுவனங்கள் மட்டுமல்ல, முதல் உலகப் போருக்கு முன்பே சப்பானிய நிறுவனங்களும் ஜொகூரில் ரப்பர்த் தோட்டங்களைத் திறந்தன. காடு வெட்டியதிலும், தீயிட்டு எரித்ததிலும், குழி தோண்டிக் கன்று நட்டதிலும் தமிழர் உழைப்புப் பெரும்பங்கு உண்டு. என்றாலும் இவர்களை முன்னோடிக் குடியேறிகள் என்று அழைப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. காட்டை வெட்டியவர் ஒருவர், அந்த நிலத்துக்கு உடையவர் வேறொருவர். வேலை முடிந்ததும் லயத்து வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியவர்கள் இவர்கள். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது நூறாயிரத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தாங்கள் திறந்த நிலத்தில் ஒரு சாண் கூட அவர்கள் பெயரில் இல்லை.

மலாயாத் தமிழர் தமக்கென்று நிலம் திருத்திக் குடியேறிய இடங்கள் சிலவே. 1880களில் பேரா மாநிலத்தின் பாகான் செராயில் ஃபே என்ற பிரெஞ்சுக் குருவானவர் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்காக ஒரு குடியேற்றத்தை அமைத்தார். 1930களில் நெகிரி செம்பிலானின் சுவாவில் இந்தியர்களுக்கென ஒரு குடியேற்றம் உருவாயிற்று. எண்ணிக்கையில் இவை சிறியவை. இவற்றைவிடப் பெரிய குடியேற்றம் ஒன்று எவரும் திட்டமிடாமலே, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே நடந்தது. அது சப்பானியர் ஆட்சிக் காலத்தில் நடந்தது.

1942இல் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் கூலியும் நின்றது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. சிங்கப்பூரில் பசி பெருகியபோது சப்பானிய ஆட்சியினர் நகர மக்களைக் காட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டனர். 1943இன் பிற்பகுதியில் ஜொகூரின் வடகிழக்கே எண்டாவில் சீனர்களுக்கான ‘நியூ சியோனான்’ குடியேற்றம் தொடங்கியது. நெகிரி செம்பிலானின் பாகாவில் யுரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் குடியேற்றப்பட்டனர். அங்கே மலேரியா பலரைக் கொன்றது. அவர்களோடு சென்று நிலத்தில் உழைத்த ஆயர் அட்ரியன் டெவால்ஸும் 1945இன் தொடக்கத்தில் இறந்தார். இந்தியர்களுக்கென ரியாவ் தீவுக்கூட்டத்தின் பிந்தான் தீவு ஒதுக்கப்பட்டது. இவையெல்லாம் பெயருள்ள குடியேற்றங்கள், எழுத்தில் பதிவானவை.

தோட்டத் தமிழருக்கு நேர்ந்ததோ வேறு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்காக ஆண்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்களுக்கு அந்தத் துயரை நான் விளக்க வேண்டியதில்லை. போனவர்களைப் பற்றி ஓரளவு எழுதிவிட்டோம். பின்தங்கிய பெண்களும் குழந்தைகளும் என்ன தின்றார்கள் என்ற கேள்வியை நாம் போதுமான அளவு கேட்கவில்லை.

1980களின் இறுதியில் என் ஆய்வுக்காக இந்த வட்டாரத்தில் பேச்சுப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அறுபதை நெருங்கிய ஓர் அம்மையாரிடம் பேசினேன். சொல்லின் ஒலிப்பைப் பதிவு செய்யவே போயிருந்தேன். அவர் தம் கதையைச் சொன்னார். தந்தையைச் சயாமுக்குக் கொண்டுபோனபோது அவருக்குப் பத்து, பதினொரு வயது. தாயார் மூன்று பிள்ளைகளோடு லயத்தை விட்டு வெளியேறி, ஆற்றுக்கு மேலே காட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தை வெட்டித் திருத்தினார். யாரும் போகச் சொல்லவில்லை. லயத்தில் இருந்தால் பட்டினி; அதனால் போனார்.

மரவள்ளி முதிர ஒன்பது மாதமாவது ஆகும். அதுவரை என்ன செய்வது? சர்க்கரைவள்ளி மூன்று, நான்கு மாதத்தில் கிழங்கு கொடுக்கும். அதன் கொழுந்தையோ சில வாரங்களிலேயே கிள்ளிச் சமைக்கலாம். ஆகவே முதலில் சர்க்கரைவள்ளிக் கொடி, அதன் பின்னால் மரவள்ளிக் குச்சி என்று அந்தத் தாய் வரிசைப்படுத்தியிருக்கிறார். வேளாண் கல்வி எதுவும் பெறாத ஒரு பெண், பசியின் நாட்காட்டியை இப்படிக் கணக்கிட்டிருக்கிறார். மரவள்ளி இலையை நன்றாக வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தின்ன வேண்டும் என்பதை அவர் அருகிலிருந்த மலாய்க்காரக் குடும்பத்திடம் கற்றுக்கொண்டார். காட்டுப்பன்றிகள் கிழங்கைத் தோண்டித் தின்றுவிடும். அதற்காகப் பிரம்புக் கொடியில் பழைய தகர டப்பாக்களைக் கோத்து, இரவில் குடிசைக்குள்ளிருந்தபடியே இழுத்து ஓசை எழுப்புவார்களாம். ‘அந்தக் கயிற்றைப் புடிச்சுக்கிட்டே தூங்குவேன் தம்பி’ என்றார் அம்மையார். உடுத்தச் சாக்கு, உப்புக்குத் தட்டுப்பாடு, காய்ச்சலுக்குக் கொய்னா இல்லை. இளைய தம்பி அந்தக் காட்டிலேயே இறந்தான். தந்தை திரும்பவே இல்லை.

மொழி மாணவனாக எனக்கு அந்தப் பதிவில் ஒரு செய்தி தெளிவாகப் பட்டது. ஒரு மணி நேரப் பேச்சில் அவர் தோட்டத்தைக் குறிக்கும்போதெல்லாம் ‘தொரை தோட்டம்’ என்றே சொன்னார். அந்தக் காட்டோரத் துண்டு நிலத்தை மட்டும் ‘நம்ம காடு’ என்றார். போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியதும் அவர்கள் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அந்த நிலம் அவர்களுடையதாகவே ஆகவில்லை. பட்டா கிடையாது, வேலிகூடக் கிடையாது. இருந்தும் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ‘நம்ம’ என்ற சொல் அந்த நிலத்தோடு ஒட்டியே இருந்தது. கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’, கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு தமிழுக்கு உண்டு என்பதை மாணவர்கள் அறிவார்கள். ‘எங்க காடு’ என்று அவர் சொல்லியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்த என்னையும் உட்படுத்தி, ‘நம்ம காடு’ என்றார்.

இன்னொரு சொல், ‘திருத்துதல்’. காட்டை வயலாக்குவதை நிலம் திருத்துதல் என்பது தமிழ் மரபு. ஆசிரியர்கள் கட்டுரை ஏட்டில் செய்வதும் திருத்துதலே. கரிகாலன் காடழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலை அவன் பெருமைகளுள் ஒன்றாகச் சொல்லும்போது, ‘கொல்’ என்னும் வினையைக் காட்டின் மீது ஏற்றுகிறது. அரசன் காட்டைக் கொல்கிறான், உழவன் திருத்துகிறான். இந்த அம்மையார் இரண்டையும் சொல்லவில்லை. ‘காட்டைத் தொறந்தோம்’ என்றார். மலாயில் காடு திருத்துவதைப் ‘புக்கா’, அதாவது திறத்தல் என்பார்கள். வினை தமிழ், அதன் பொருட்பாங்கு மலாய். பக்கத்துக் குடும்பத்திடம் இலை வேகவைக்கக் கற்றபோதே இந்தப் பொருளும் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

காட்டோடு பழகிய தமிழ் இப்படிப் பல சொற்களை ஈட்டியது. ‘பாராங் கத்தி’ என்கிறோம். மலாயில் பாராங் என்றாலே கத்திதான். ‘லாலான் புல்’ என்கிறோம்; லாலான் என்றாலே ஒரு புல்தான். இவை கூறியது கூறல் என்று எள்ளுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிய நிலத்தில் புதிய பொருளைக் கண்டவர்கள், அண்டை வீட்டார் வழங்கிய பெயரை அப்படியே ஏற்று, அதன் பக்கத்தில் ‘இது கத்தி வகை’, ‘இது புல் வகை’ என்று தமிழில் இனச்சொல்லை ஒட்டிவைத்தார்கள். தாவர நூலார் செய்யும் வகைப்பாட்டுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததன்று. ரப்பருக்குக் ‘கித்தா’ என்ற பெயர் மலாய் ‘கெத்தா’விலிருந்து வந்தது. சிற்றூருக்குக் ‘கம்பம்’ என்பது ‘கம்போங்’ என்பதன் தமிழ் வடிவம். சாலைக்குச் ‘சடக்கு’ என்பது இந்துஸ்தானி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’ ஆங்கிலம். இலங்கை மலையகத்திலும் இதே சொல் ‘பிரட்டு’ என்று வழங்குகிறது. ஒரே தொழிலாளி ஒரே காலைப் பொழுதில் நான்கு மொழிகளின் சொற்களைத் தமிழ் இலக்கணத்துக்குள் நடத்திக்கொண்டு போயிருக்கிறார்.

பால் மர வரிசைக்கு ‘நெரை’ என்பார்கள். இது ‘நிரை’ என்னும் பழந்தமிழ்ச் சொல். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருமானால், முன்னுள்ள இகரம் பேச்சில் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இலை எலையாகவும், குடம் கொடமாகவும், உடம்பு ஒடம்பாகவும் ஒலிப்பது இதனால்தான். ஆகவே ‘நெரை’ சிதைந்த சொல்லல்ல. விதிப்படி நடந்த சொல். ஆநிரை கவர்தலைப் புறநானூற்றில் நடத்தும் ஆசிரியர், அதே நிரை பக்கத்துத் தோட்டத்தில் உயிரோடு இருக்கிறது என்று மாணவருக்குக் காட்டலாம்.

விடுதலைக்குப் பிந்திய குடியேற்றங்களையும் குறிப்பிட வேண்டும். 1956 ஜூலை முதல் நாள் கூட்டரசு நில மேம்பாட்டு வாரியம், அதாவது பெல்டா, தொடங்கப்பட்டது. பகாங்கின் லூரா பீலுட்டில் அதன் முதல் குடியேற்றம் அமைந்தது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினத்தாரும் அங்கே சேர்ந்து குடியேறினர். சொந்த நிலமற்ற குடும்பங்களுக்கு ஏறத்தாழப் பத்து ஏக்கர் கிடைக்கும் வாய்ப்பு அது. இவ்வாறு குடியேறியோரை மலாயில் ‘பெனெரோக்கா’ என்பார்கள். புது நிலத்தைத் தேடித் திறப்பவர் என்பது பொருள். தமிழில் நாம் ‘குடியேறிகள்’ என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். ஒருவர் நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபோனாலும் குடியேறிதான். பெனெரோக்கா என்ற சொல்லில் உள்ள உழைப்பு நம் சொல்லில் இல்லை. பல்லவர் காலத்திலிருந்து வழங்கும் ‘காடுவெட்டி’ என்ற பழஞ்சொல்லில் அது இருக்கிறது. ஆனால் இன்று அதை எழுதினால் மரம் கடத்துபவர் என்று நினைத்துக்கொள்வார்கள்!

கோத்தா திங்கி மாவட்டத்தில் 1972இல் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியமான கெஜோரா அமைந்தபின், காடுகள் மிக விரைவாகச் செம்பனைத் தோட்டங்களாயின. ஆயர் தாவார், லோக் ஹெங், செமெஞ்சு என்று பெல்டா குடியேற்றங்கள் எழுந்தன. பண்டார் பெனாவார் புதிய நகரமாக வளர்ந்தது. இக்குடியேற்றங்களில் நிலம் பெற்றோர் மிகப் பெரும்பாலும் மலாய்க்காரர்களே. தமிழர் பலர் கூலிக்கும் குத்தகைக்கும் வேலை செய்யவே வந்தனர். இதே காலத்தில் மறுபுறம் தோட்டத் துண்டாடல் நடந்தது. 1950களில் தொடங்கிய துண்டாடலை உங்கு அசிஸ் 1960களின் தொடக்கத்தில் ஆராய்ந்து நூலாக்கினார். தோட்டம் கைமாறிச் சிறு துண்டுகளானதும் தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தார்கள். அதற்கு மறுமொழியாகத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் கொள்முதல். தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே தோட்டத்தை வாங்குவது என்ற அந்த எண்ணத்தின் துணிவை நாம் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை என்றே சொல்வேன்.

இலங்கையிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. 1958, 1977, 1983 ஆண்டுகளின் வன்முறைகளுக்குப் பின் மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பல, தேயிலை மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்கு வந்து நிலம் திருத்தின. 1970களில் காந்தியம் என்னும் அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தமிழ்நாடு சென்றோரில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினர். அரசுத் தாள்களில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. பாட்டன் காலத்தில் விட்டுப்போன ஊர் பலருக்குப் பெயரளவிலேயே தாயகம்.

இப்போது ஆசிரியர்களிடம் நேரடியாக ஒன்று கேட்க விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவி எழுதிய கட்டுரையைக் காண நேர்ந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். ‘என் பாட்டி வெளிக்காட்டு வேலைக்குப் போனார்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் ‘வெளிக்காட்டு’ அடிக்கப்பட்டு, ‘வயல்’ என்று திருத்தப்பட்டிருந்தது. அந்தப் பாட்டி வாழ்நாளில் வயலையே பார்த்திருக்க மாட்டார். இலக்கணப்படி வாக்கியம் சரியாகிவிட்டது. செய்தி பொய்யாகிவிட்டது.

எழுத்துத் தமிழின் பொதுமை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாற்பது ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவன் நான். யாழ்ப்பாணத்தவரும் மதுரையாரும் ஈப்போக்காரரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அந்தப் பொதுத் தமிழ்தான் பாலம். வினைமுற்றும் சந்தியும் பொதுத் தமிழில் இருக்கட்டும். தொழிற்பெயர்களையும் இடப்பெயர்களையும் கருவிப் பெயர்களையும் அடிக்காதீர்கள். தொல்காப்பியர் சொல்லை நான்காக வகுத்தபோது, இயற்சொல், திரிசொல், வடசொல் இவற்றோடு திசைச்சொல்லுக்கும் ஓர் இருக்கை போட்டு வைத்தார். லாலானும் மங்கும் சடக்கும் இந்த நாட்டின் திசைச்சொற்கள். (மங்கு என்பது பீங்கானுக்கும் வழங்கும் சொல் என்று அகராதி பார்ப்பவர்கள் கண்டுகொள்வார்கள், பால் சேகரிக்கும் கிண்ணமும் பீங்கானாக இருந்த காலம் உண்டு.)

இதில் அவசரம் ஒன்று உண்டு. விடுதலையின்போது இந்நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. பல தோட்டங்கள் போய்விட்டன; தோட்டத்தோடு சேர்ந்து பள்ளியும் இடம்பெயர்ந்தது அல்லது மூடப்பட்டது. தமிழ்ப்பள்ளி எட்டாத தொலைவில் வளர்ந்த பிள்ளைகள் பாட்டியோடு மலாயில் பேசுகிறார்கள். போர்க்காலத்தில் காடு திறந்தவர்களில் எஞ்சியிருப்போர் இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். நான் பதிவு செய்த அம்மையார் இப்போது இல்லை. அவர் சொன்ன கருவிப் பெயர்களில் சிலவற்றை அவருடைய பேரப்பிள்ளைகளிடமே பின்னர் கேட்டேன். அவர்களுக்கு அவை தெரியவில்லை.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலை தருகிறேன். விடுமுறையில் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள மூத்தவரிடம் உட்காருங்கள். ‘உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள், பேச்சு நின்றுவிடும். ‘பால் வாளியை எப்படித் தூக்குவீங்க பாட்டி?’, ‘மழைநாளில் அடுப்பை எப்படி மூட்டினீங்க?’, ‘பன்றி வந்தா என்ன செய்வீங்க?’ என்று கைவேலையைக் கேளுங்கள். கை அசையும்போது சொல் தானாக வரும். கேட்ட சொல்லை அவர் ஒலித்தபடியே எழுதுங்கள். பக்கத்தில் பொருளை எழுதுங்கள். அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய ஒரு வாக்கியத்தை முழுமையாக எழுதுங்கள். அவருடைய வயதையும், இருந்த தோட்டத்தையும், எந்த ஆண்டு அங்கிருந்து வந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதானால் முதலில் அவரிடம் ஒப்புதல் கேளுங்கள். அந்த ஏட்டை உங்கள் தமிழாசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்களே, அந்த ஒரு ஏட்டில் மட்டும் சிவப்பு மை வேண்டாம்.